நாளை எனும் பூட்டு

'எழுதப் போகிறேன்' என்போர் நாட்டிலே ஏராளம். 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்போர் சிலர். 'எழுதி முடித்தேன்' என்போரோ விரல்விட்டு எண்ணத் தக்கவர். ஏன் இந்த நிலை? அறிவு இல்லையா? இருக்கிறது. ஆர்வம் இல்லையா? அளவுக்கு மீறி இருக்கிறது. சொல்வதற்குச் செய்தி இல்லையா? நெஞ்சு வெடிக்குமளவு இருக்கிறது. பின் எது தடுக்கிறது? 'நாளை' என்ற சொல்! இரண்டே எழுத்து, ஆனால் எத்தனை ஏடுகளை அது பூட்டி வைத்திருக்கிறது!

பூட்டைப் பற்றிப் பேசத் திண்டுக்கல்லாருக்கு உரிமை உண்டு. தகட்டை வெட்டி, வளைத்து, உள்ளே நெம்புகளையும் வில்லையும் பொருத்தி, அந்தப் பூட்டுக்கென்றே ஒரு சாவியை அரத்தால் இழைத்து இழைத்துச் செய்யும் கைத்தொழில் இந்த ஊருடையது. நம் தந்தையார் அந்தப் பட்டறையொன்றில் வாழ்நாளெல்லாம் அரம் பிடித்தவர். அந்தத் தொழிலாளரின் வாழ்வை ஒரு நூலாக எழுத வேண்டும் என்பது நமது நீண்டநாள் அவா. தலைப்பு எழுதினோம், அடிக்கோடும் இட்டோம். தலைப்புக்குக் கீழே வெள்ளைத் தாள், மூன்றாண்டுக் காலம், வெள்ளைத் தாளாகவே இருந்தது.

அந்த மூன்றாண்டும் தொழில் நமக்காகக் காத்திருக்கவில்லை. எந்திரத்தில் வார்த்தெடுத்த அலிகார் பூட்டு சந்தையை நிரப்பிற்று. பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். குறியீடு வந்தது, கூலி வந்ததா என்று பட்டறையிலே கேட்டுப் பாருங்கள், தோழர்களே! தந்தை பிடித்த அரத்தை மகன் பிடிக்க மறுக்கிறான். மறுப்பது அவன் உரிமை. ஆனால் அந்தக் கைகள் அறிந்தது யாவும் கைகளோடு சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. எழுதத் தயங்குபவன் தன் புகழை மட்டும் இழக்கிறான் என்றால் நாட்டுக்கு நட்டமில்லை. எழுதப்படாமல் போவது பிறர் வாழ்வு, நட்டம் அங்கேதான்.

வள்ளுவர் 'மடி இன்மை' அதிகாரத்திலே காலந்தாழ்த்துதலுக்கு 'நெடுநீர்' என்றொரு சொல் ஆள்கிறார். மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு அதனை ஒரே வரிசையில் நிறுத்துகிறார். உறவினரைச் சரியாகவே அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் எழுத நினைப்பவனின் தாமதத்துக்கு இன்னும் இரண்டு உறவினர் உண்டு என்பது நமது எண்ணம்.

முதலாமவர், நேரம் பார்த்தல். நாம் பஞ்சாங்கத்தைத் தூக்கி எறிந்தவர்கள். இராகு காலத்தில் பெண் பார்க்கப் போவோம், எமகண்டத்தில் வீடு குடி புகுவோம் என்று மார்தட்டுகிறோம். நல்லது. ஆனால் அதே தோழரை 'ஏன் இன்னும் எழுதவில்லை?' என்று கேட்டால் என்ன சொல்கிறார்? 'மனநிலை சரியில்லை', 'மழைக்காலம் வரட்டும்', 'வீட்டில் சந்தடி ஓயட்டும்', 'நல்ல மேசை ஒன்று வாங்க வேண்டும்'. இது என்ன? இராகு காலம்தான்! பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் கிழித்தவர் உள்ளத்திலே ஒரு பஞ்சாங்கத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்.

இந்தப் பஞ்சாங்கத்துக்குப் பழங்கதைகளின் துணை வேறு. ஒன்றுமறியாதவன் நாவிலே காளி எழுதினாளாம், உடனே காளிதாசன் ஆனானாம். அம்மை தந்த தாம்பூலத்தை மென்றதால் காளமேகம் கவிமழை பொழிந்தானாம். கேட்கச் சுவையான கதைகள்தாம். ஆனால் விளைவு? எழுத்து என்பது மேலிருந்து வரும் அருள் என்று நம்பியவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான், தாம்பூலம் வரும் வரையில்!

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களைப் பாருங்கள். பொழுது புலருமுன் பெண்கள் செடியருகே நிற்கிறார்கள். மொட்டாகப் பறித்தால் விலை. மலர்ந்துவிட்டால் விலை வீழ்ச்சி. 'இன்று பூப்பறிக்கும் மனநிலை இல்லை' என்று அவர்களில் ஒருவர் சொல்லி நாம் கேட்டதில்லை. வயிறு அவர்களுக்கு அந்தச் சலுகையை வழங்கவில்லை.

இரண்டாமவர் கொடியவர். 'நமக்கு வருமா?' என்ற ஐயம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

ஐயம் கொண்ட இளைஞனைக் கோழை என்று ஏசுவோர் உண்டு. நாம் ஏச மாட்டோம். அந்த ஐயம் அவன் நெஞ்சிலே தானாக முளைத்த செடியன்று. விதைத்தவர் உண்டு, நீர் ஊற்றியவரும் உண்டு. பள்ளியில் படித்தபோது 'என் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார் ஓர் ஆசிரியர். மலைக்கோட்டையை விட்டுவிட்டுப் பட்டறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினோம். தாளைத் தூக்கிப் பிடித்து, "பூட்டுப் பட்டறைப் பிள்ளைக்குச் சாவி போடத் தெரிந்தால் போதும், கட்டுரை எதற்கு?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் அன்று மாலையே அதை மறந்திருப்பார். நமக்கோ, முப்பதாண்டு கழித்து வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்தபோதும் அந்தச் சிரிப்பு கேட்டது.

தலைமுறை தலைமுறையாக ஏடு புரட்டிய வீட்டிலே பிறந்தவனுக்கு எழுத்து வீட்டுத் திண்ணை, ஏறி உட்காருகிறான். முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவனுக்கோ அது பிறர் வீட்டு மாடி. படியேறும்போதே, யாரேனும் 'யாரப்பா நீ?' என்று கேட்டுவிடுவார்களோ என்று கால் நடுங்குகிறது. இன்னாருக்குக் கல்வி, இன்னாருக்கு ஏவல் என்று நெடுங்காலம் ஓதப்பட்ட நாட்டிலே இந்த நடுக்கம் தனியொருவனின் பலவீனம் என்று சொல்வது நேர்மையாகாது. சமுதாயம் செய்த கோளாறு, தனி மனிதனின் உள்ளத்திலே நோயாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்ததும் பேனா ஓடிற்றா? இல்லை! நோயின் பெயர் தெரிந்தால் மட்டும் காய்ச்சல் இறங்குமா?

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வத்தலக்குண்டு. சிறிய ஊர். அந்தச் சிற்றூர் தமிழ் உரைநடைக்கு மூன்று பேரைத் தந்தது. அவர்கள் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. மேலே நாம் சொன்ன திண்ணையிலே பிறந்தவர்கள் அவர்கள் என்பதும் உண்மை. ஆயினும் உழைப்பைக் கண்டு வணங்கத் தெரியாதவன் பகுத்தறிவாளன் ஆகான்.

1872இல் பிறந்த இராஜமையர் தமது 'கமலாம்பாள் சரித்திரம்' நாவலை 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கினார். அது மாத இதழ். 1895 வரை தொடர்ந்தது. தொடங்கும்போது வயது இருபத்தொன்று! தமிழில் நாவல் என்பதே அப்போது கைக்குழந்தை; வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல்தான். பின்பற்றப் பெரிய முன்மாதிரி இல்லை. 'இன்னும் பத்தாண்டு படித்துப் பக்குவம் பெற்று எழுதலாம்' என்று அந்த இளைஞர் எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1898இல், இருபத்தாறாம் வயதில், அவர் மறைந்தார். பத்தாண்டு அவருக்கு வழங்கப்படவே இல்லை. மாதந்தோறும் இதழுக்கு அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த நாவலுக்குச் செய்த உதவி சிறிதன்று என்பது நமது கருத்து.

அடுத்தவர் பி.எஸ்.இராமையா. 1935இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்தியவர். சிறுகதைகளை நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தார். எல்லாம் மணியா? அன்று. ஆனால் எண்ணிக்கைக்கு அஞ்சாத கை அது.

மூன்றாமவர் அந்த ஊரில் வளர்ந்த சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கினார். வாசகர் தொகை சில நூறு. வேறொருவராயின் மூன்றாம் இதழிலே மங்களம் பாடியிருப்பார். அவர் 1970 வரை நடத்தினார், நூற்றுப்பத்தொன்பது இதழ்கள். தாம் வெளியிட்ட நூல்களைப் பையிலே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். இந்தப் பகுதியின் மாடுபிடியைப் பொருளாகக் கொண்ட 'வாடிவாசல்' அவருடையதே, அளவில் சிறியது. பெரியதோ அவர் முதுமை வரை உடன் வந்தது. விடுதலைப் போரை மூன்று பாகங்களில் சொல்லும் 'சுதந்திர தாகம்' 1997இல் வெளியாயிற்று. 1912இல் பிறந்தவருக்கு அப்போது வயது எண்பத்தைந்து! அடுத்த ஆண்டே மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் இல்லாதபோது வந்தது.

இருபத்தொன்றில் ஒருவர், எண்பத்தைந்தில் ஒருவர், ஒரே ஊரார்! 'இன்னும் வயதாகவில்லை' என்பவரும் 'இனி வயதில்லை' என்பவரும் ஒரே பேருந்தில் ஏறி வத்தலக்குண்டுக்குச் சென்று வரலாம்.

'அவர்கள் படித்த குடும்பத்தார். பட்டறைக்காரன் மகனுக்கு அது பொருந்துமா?' என்று கேட்கலாம். கேட்க வேண்டும். உருசிய நாட்டிலே ஒரு சிறுவன். செருப்புக் கடையில் ஏவலாள், வோல்கா ஆற்றுக் கப்பலில் தட்டுக் கழுவுபவன், ரொட்டிக் கடையில் கூலி. முறையான பள்ளிப் படிப்பு மிகச் சிறிது. டிபிலிசு நகர இரயில் பட்டறையில் வேலை பார்த்தபோது தன் அலைச்சல் கதைகளை நண்பரிடம் சொல்ல, சொன்னதை எழுது என்று அவர் வற்புறுத்தினார். 1892இல் முதல் கதை உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்தது. புனைபெயர் 'கார்க்கி'. பொருள், கசப்பு. தன் கசப்பையே பெயராகச் சூட்டிக்கொண்டான் அந்தத் தொழிலாளி! திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த கலைஞர் 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினாரே, எந்த அச்சகம் அவரை அழைத்தது? தாளும் மையும் போதும் என்று தொடங்கினார்.

ஆங்கில அறிஞர் சாமுவேல் சான்சன் 1751இல் காலந்தாழ்த்துதலைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். அச்சகத்து ஆள் வாயிலில் காத்து நிற்க, கடைசி நேரத்தில் அவசர அவசரமாக எழுதிய கட்டுரை அது என்பர்! சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் கவனியுங்கள்: வாயிலில் ஆள் நின்றான், கட்டுரை பிறந்தது.

நமக்கு வாயிலில் ஆள் இல்லை. நாமே நிறுத்திக்கொண்டோம். எப்படி என்று சொல்கிறோம்.

நாம் வெங்காய மண்டி ஒன்றில் கணக்கெழுதுபவர். காலை முதல் மாலை வரை எழுத்து வேலைதான். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மூட்டை, என்ன விலை, யாருக்குப் பாக்கி என்று சிட்டையில் ஏற்றி, பேரேட்டில் பதிந்து, இரவு இருப்புக் கட்டாமல் எழுந்திருக்க முடியாது. இப்போது கணிப்பொறி வந்துவிட்டது. முதலாளிக்குச் சிட்டையும் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது 'இன்று சிட்டை எழுத மனநிலை இல்லை' என்று சொன்னதுண்டா? 'எனக்குப் பேரேடு எழுதும் ஆற்றல் உண்டா?' என்று ஐயுற்றதுண்டா? ஒரு மாலை, இருப்புக் கட்டி முடித்த கையோடு, மூட்டைகளுக்கு நடுவே அதே நாற்காலியில், அதே பேனாவில் நூலின் முதல் பக்கத்தை எழுதினோம். மேசை வாங்கவில்லை. வெங்காய நெடி இருந்தது. வெளியே சுமை வண்டிகளின் இரைச்சல் இருந்தது. பக்கம் எழுதப்பட்டது.

பிறகு அதையே விதியாக்கினோம். சிட்டை மூடியதும் ஒரு பக்கம். எழுதாமல் வீட்டுக்குப் புறப்படுவதில்லை. முன்னாள் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அந்த வகுப்பறைச் சிரிப்பு கேட்கும். கைப்பேசி கல்லாப் பெட்டிக்குள் போய்விடும். மோசமான பக்கங்கள் பிறந்தன. பிறக்கட்டும்! பட்டறைக்குப் புதிதாக வரும் பையன் கையில் முதல் நாளே சாவியைக் கொடுப்பதில்லை. வீணாகிப்போன தகட்டைக் கொடுத்து இழைக்கச் சொல்வார்கள்.

ஐயம் ஒழிந்ததா என்று கேட்பீர்கள். ஒழியவில்லை, இன்றும் மாலைதோறும் வருகிறது. அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். எழுதும்போது அதற்கு நாற்காலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருத்தும்போது அழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். 'இந்தச் சொல் பொய்', 'இங்கே அழவைக்கப் பார்க்கிறாய்' என்று அது காட்டும் இடங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன.

ஆறு அதிகாரம் முடிந்ததும், எஞ்சியிருக்கும் பட்டறை ஒன்றில் தொழிலாளர் நால்வருக்குப் படித்துக் காட்டினோம். கை நடுங்கிற்று, மறைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் சரிதான் தம்பி. அரத்துக்குப் பல்லு மழுங்கினா ஓசை மாறுமே, ஒங்கப்பாவே அதைக் கேட்டுத்தான் அரம் மாத்துவாரு. அதை எழுதலையே?" என்றார். இலக்கியத் திறனாய்வு என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்டோம். அந்த ஓசை இப்போது மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது.

பத்தொன்பது அதிகாரங்களில் பத்து மீதி. அடுத்தது மாங்காய்ப் பூட்டு. அதன் உள்ளமைப்பைப் பிரித்துக் காட்டுவதாக அதே பெரியவர் சொல்லியிருக்கிறார். கண் மங்கி வருகிறது அவருக்கு. பட்டறைச் சன்னலில் வெயில் விழுவது காலை பத்து மணி வரையில்தான். ஆகையால் ஞாயிறன்று எட்டு மணிக்கே வந்துவிடச் சொன்னார்.