நிலவறையில் ஒரு சங்கீத சபை

நியூயார்க் செல்லும் நம்மவர் கண்டு திரும்புபவை பெரும்பாலும் உயரமானவை. சுதந்திர தேவியின் சிலையையும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவர். தில்லியிலிருந்து மகள் வீட்டிற்குச் சென்றிருந்த நானும் அவ்வாறே வந்திருப்பேன். கல்லூரியில் பயிலும் பேரன்தான் ஒரு திங்கட்கிழமை மாலை என்னைப் பூமிக்கு அடியில் அழைத்துச் சென்றான்.

அதற்கொரு காரணம் உண்டு. ஏழாண்டுகள் மிருதங்கம் பயின்றவன் அவன். முதன்முதலில் அவன் கையைப் பிடித்து ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்தவன் நான். கல்லூரியில் சேர்ந்ததும் மிருதங்கத்தை உறையிலிட்டு வைத்துவிட்டு, ஜாஸ் சங்கீதத்திற்கு டிரம் வாசிக்கத் தொடங்கினான். எனக்கு அது பெருங்குறை. அதை அவன் காதுபடவே கூறியும் இருந்தேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. நுழைவுச் சீட்டு இரண்டு வாங்கி வந்தான்.

கிரீனிச் வில்லேஜ் என்னும் பகுதியில், ஏழாவது அவென்யூவில், சிவப்புக் கதவு ஒன்று. உள்ளே செங்குத்தான படிகள் இறங்குகின்றன. கீழே முக்கோண வடிவில் ஓர் அறை. 123 பேர் அமரலாம். இதுவே ‘வில்லேஜ் வான்கார்ட்’. கிழக்கு ஐரோப்பாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறிய மாக்ஸ் கார்டன் என்பவர் 1935-இல் இதனை இங்கு நிறுவினார். தொடக்க நாட்களில் இங்கு ஒலித்தது ஜாஸ் அன்று, கவிதை! அப்பகுதிக் கவிஞர்கள் எழுந்து நின்று தம் பாடல்களைப் படித்தனர். நாட்டுப் பாடகர்களும் பின்னர் வந்தனர். 1957-க்குப் பிறகே இது முற்றிலும் ஜாஸ் அரங்காயிற்று. கார்டன் 1989-இல் மறைந்தபின் அவர் மனைவி லொரெய்ன், 2018-இல் தாம் இறக்கும்வரை இதனை நடத்தினார்.

1961-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் பில் எவன்ஸ் இங்குப் பியானோ வாசித்ததை ஒலிப்பதிவு செய்தனர். கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசையும் ரசிகர்களின் பேச்சும் அதில் கேட்கின்றன. உடன் வாசித்த ஸ்காட் லஃபாரோ என்னும் இளைஞர் பதினொரு நாட்களில் மோட்டார் விபத்தில் மாண்டார், வயது 25. அவ்வாண்டு நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் இங்கு வாசித்துப் பதிவு செய்த உருப்படி ஒன்றின் பெயரே ‘இந்தியா’. தம் மகனுக்கு அவர் ரவி என்று பெயரிட்டது பண்டித ரவிசங்கரை எண்ணித்தான். தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரும் இம்மேடையில் பியானோ வாசித்திருக்கிறார்.

திங்கட்கிழமைதோறும் பதினாறு பேர் கொண்ட வாத்திய கோஷ்டி வாசிப்பது 1966 முதல் இங்கு மரபு. அச்சிறு மேடையில் பதினாறு பேர் எவ்வாறு அமர்கின்றனர் என்பதே ஒரு விந்தை. விளக்குகள் மங்கின. பேச்சு நின்றது. நான்கைந்து அடி தூரத்தில் டிராம்போன் முழங்கியபோது மேசைமேலிருந்த என் சோடாக் குவளை அதிர்ந்தது. (இங்கு ஏதேனும் ஒரு பானம் வாங்கவேண்டும் என்பது விதி, அது மதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.)

பழக்க தோஷத்தால் தொடையில் தாளம் போட்டேன். நாலு எண்ணிக்கைதான்; எளிதே என்று நினைத்தேன். சற்று நேரத்தில் தவறிவிட்டது. நாம் முதல் எண்ணிக்கையில் அழுத்தித் தட்டுகிறோம். இவர்களோ இரண்டிலும் நான்கிலும் அழுத்துகின்றனர். பேரன் என் பக்கம் திரும்பவில்லை. என் கையை மெல்லப் பற்றி, “இங்கே, தாத்தா” என்று சரியான இடத்தில் வைத்தான்.

ஒருவர்பின் ஒருவராக அவர்கள் மனோதர்மத்தை விரித்தபோது கற்பனை ஸ்வரம் நினைவிற்கு வந்தது உண்மை. ஆயினும் இரண்டும் ஒன்றே என்பாரோடு நான் உடன்படேன். இங்கே தம்பூராவைப்போல் நிலைத்து நிற்கும் சுருதி இல்லை. அடியிலுள்ள ஸ்வரக் கூட்டுகள் மாறிக்கொண்டே செல்ல, வாசிப்பவர் அவற்றோடு நகர்கிறார். எனக்கு அது முழுவதும் பிடிபட்டது என்று சொல்லமாட்டேன். கையை மட்டும் இரண்டிலும் நான்கிலும் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளைக் காணச் செல்லும் அன்பர்கள் முன்னதாகவே இடம் பதிவு செய்துகொள்வது நன்று. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. முழங்கால் வலியுள்ளோர் படிகளில் கவனமாக இறங்கவேண்டும். ஏறும்போது நான் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டேன்.