சும்மா நடக்கும் உரிமை

பெப்ரவரி 2, ஞாயிறு. பெரகல.

பெரகலச் சந்தியில் பெருந்தெரு இரண்டாகப் பிரிகிறது. கொழும்பிலிருந்து வரும் வீதி கொஸ்லந்த, வெல்லவாய பக்கம் இறங்கிவிடுகிறது. மற்றது அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவில் போய்ச் சேர்கிறது. பஸ் மாறுவதற்காக மட்டும் நிற்கிற இடமாகவே இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் தலையை நிமிர்த்தினால் தெரிகிற அந்த அப்புத்தளை மலையை, இப்போது உலகத்து நடைக்காரர்கள் தேடி வருகிற ஒரு பாதை தொட்டுக்கொண்டு போகிறது. பீக்கோ பாதை என்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவைக் கடந்து, அப்புத்தளை, எல்ல என்று ஊவாவுக்குள் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இருபத்திரண்டு துண்டுகள். இலங்கையில் வாழும் மிகேல் குனாத் என்ற ஸ்பானியரின் யோசனை இது; ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. ஆனால் பாதையைப் புதிதாக யாரும் வெட்டவில்லை. அதில் பெரும்பகுதி பழைய தோட்டத்து வண்டிப் பாதைகளும் குறுக்குப் பாதைகளும்தான். வெட்டியவர்கள் யார், மண் சுமந்தவர்கள் யார் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பாதையைப் பற்றி வெளிவரும் படங்களில் முதுகுப்பை மாட்டி நடப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர்கள் நம்மவர்கள். இந்தப் படம் மாற வேண்டும் என்பது என் எண்ணம். லயத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் கூட்டாளிகளாகச் சேர்ந்து, எந்தக் காரியமும் இல்லாமல், சும்மா நடந்துவிட்டு வர வேண்டும். அது ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல, நமக்கு இதுவரை கிடைக்காத ஒரு உரிமை என்றே நினைக்கிறேன்.

பெப்ரவரி 5, புதன்.

இதைச் சொன்னால் முதலில் வரும் மறுப்பு பெரியவர்களுடையது. நடந்து நடந்தே தேய்ந்த சனம், இனி விளையாட்டுக்கும் நடக்கவேண்டுமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1823ஐ ஒட்டிக் கோப்பிக் காலம் தொடங்கியபோது, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து மலை ஏறியவர்களும் நடந்துகொண்டே இருந்தார்கள். பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு, மடுவத்திலிருந்து லயத்துக்கு. இன்றும் ஒரு கொழுந்துக்காரி நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கும் தூரத்தை யாராவது அளந்தால், பீக்கோ பாதையின் ஒரு நாள் துண்டு பெரிதாகத் தெரியாது.

ஆனால் அந்த நடைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். அவற்றில் ஒன்றுகூட நடப்பவரின் விருப்பத்தில் நடந்ததில்லை. எப்போது புறப்படுவது, எந்த மலைக்குப் போவது, எத்தனை மணிக்கு நிறுவைக்கு வருவது, எல்லாவற்றையும் வேறொருவர் தீர்மானித்தார். கங்காணியின் சொல்லுக்கும் துரையின் சங்குக்கும் நடந்த கால்கள் அவை. களைப்பு நடையால் மட்டும் வந்ததில்லை. நடையின் மேல் தனக்கு ஒரு சொல்லும் இல்லாததாலும் வந்தது. ஆகவே நடந்து தேய்ந்தோம் என்பது நடையை விடுவதற்குக் காரணமாகாது. நினைத்த இடத்தில் உட்காரவும், நினைத்தபோது திரும்பவும், பாதியில் மனம் மாறி வேறு குறுக்கில் இறங்கவும் முடிகிற நடையை நாம் இன்னும் நடக்கவே இல்லை என்பதற்குத்தான் அது சாட்சி. 2023இல் மலையகத் தமிழர் வந்த இருநூறாம் ஆண்டை ஒட்டி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி போனது. மூதாதையர் வந்த அதே வழி. அது நினைவுக்கும் கோரிக்கைக்குமான நடை. போனவர்கள் போக விரும்பிப் போனார்கள் என்பதில்தான் அதன் பலம் இருந்தது. நான் சொல்வது அதைவிடச் சின்னது. கோரிக்கை எதையும் கையில் பிடிக்காத நடை.

பெப்ரவரி 9, ஞாயிறு.

‘உரிமை’ என்ற சொல் பெரிதாக இல்லையா என்று கேட்கலாம். தோட்டத்துப் பாதையில் நடக்க யார் தடுத்தார்கள்? தடுத்தார்கள். தோட்டம் அன்று துரையின் தனிச்சொத்து. உள்ளே வருகிற வெளியாள் அத்துமீறியவன். லயத்துக்கு உறவுக்காரர் வந்தாலும் கேள்வி வரும், தொழிற்சங்கக்காரர் வந்தால் பொலிஸ் வரும். கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையைக் கண்ணால் பார்க்க விரும்பியபோது, புடவை வியாபாரியாக வேடம் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. படித்தவர், பத்திரிகைக்காரர், பிற்காலத்தில் சட்டசபை உறுப்பினர். அவருக்கே இந்தப் பாதைகளில் நடக்க ஒரு துணி மூட்டை தேவைப்பட்டது. விற்க ஏதாவது இருந்தால் நடக்கலாம், வேலை இருந்தால் நடக்கலாம், சும்மா நடக்க முடியாது என்பதுதான் அன்றைய சட்டம். பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நடக்கும் மண்ணே உன்னுடையதில்லை என்றது.

நடப்பது பணக்காரர் பொழுதுபோக்கு, கூலிக்காரருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று, மன்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் வேலையற்ற இளைஞர்களுமாக நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் ஏறினார்கள். பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலம் அது. வாரமெல்லாம் ஆலைப் புகையில் கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மலையில் நடக்க வழி வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது; 1965இல் பென்னைன் வே என்ற நெடும்பாதை, அந்த மேட்டின் அடிவாரத்து ஊரான ஈடேலில் இருந்தே தொடங்கியது. அங்கே நெடும்பாதைக்குப் பின்னால் தொழிலாளிகளின் கால்கள் இருந்தன. இங்கே பாதை முதலில் வந்துவிட்டது, அதை உரிமையாக நினைக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. வரிசை மாறியிருப்பதால் பாதகமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் தானாக வராது.

பெப்ரவரி 12, புதன். போயா.

சும்மா நடப்பதற்கு ஏற்பாடு எதற்கு, நாலு கூட்டாளிகள் சேர்ந்தால் போகவேண்டியதுதானே என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஏற்பாடு இல்லாமல் போகிற குழுவின் சுமை எங்கோ போய் இறங்கும். தண்ணீர் கொண்டுபோகாதவர்கள் லயத்து வாசலில் நின்று கேட்பார்கள். வழி தவறி இருட்டியவர்களைத் தேட, அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டிய ஒரு மனிதர் டோர்ச் எடுத்துக்கொண்டு இறங்குவார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத சனம் இது. அதனாலேயே அவர்களிடம் கேட்கும் நிலைக்கு வராமல் போவது நம் பொறுப்பு.

காசும் நேரமும் இல்லை என்ற மறுப்புத்தான் எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிறது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்றானது. ஒரு நாள் பேர் தவறினால் அந்த வீட்டில் அது தெரியும். ஆகவே நடை என்பது வாரநாளைத் தின்னக்கூடாது, தங்குவதற்குக் காசு கேட்கக்கூடாது. முந்நூறு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்கவேண்டும் என்று பாதை கேட்கவும் இல்லை. இருபத்திரண்டு துண்டுகளில் ஒரு துண்டு சராசரி பதினான்கு கிலோமீட்டர். ஒரு ஞாயிறு போதும். ஊவாத் துண்டுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த ரயில்பாதை இந்த மலைகளோடு ஒட்டியே ஓடுகிறது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதர என்று எங்கே கால் ஓய்ந்தாலும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் திரும்பலாம். புதுச் சப்பாத்து, கம்பு, வெளிநாட்டுப் பை எதுவும் தேவையில்லை. தடிப்பான ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டினால் மதியம் வரை வாடாது. வெறும் கோதுமை மாவு ரொட்டியை விடத் தேங்காய்ப்பூ போட்டது பசி தாங்கும்.

ஆட்கள் ஏழுக்கு மேல் வேண்டாம் என்பேன். குறுக்குப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். பதினைந்து பேர் என்றால் முன்னே போகிறவர் வளைவைத் தாண்டி மறைந்துவிடுவார், கடைசி ஆள் மூச்சிரைக்கத் தனியாக வருவார். அப்புத்தளையில் மூடுபனி வந்தால் பத்தடியில் நிற்கும் செடிகூடத் தெரியாது. தெற்கே சமவெளிப் பக்கமிருந்தும் வடக்கே ஊவாப் பள்ளத்திலிருந்தும் ஏறி வரும் பனி அந்த மலை இடைவெளியில்தான் மோதுகிறது. மெதுவாக நடப்பவரை முன்னே விட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். வேகமாக நடப்பவருக்கு அது எரிச்சலாக இருக்கலாம், ஆனால் கூட்டாளிகளோடு போவதன் அர்த்தமே அதில்தான் இருக்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு.

பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள், ஆகவே இது பையன்கள் விவகாரமாகவே முடியும் என்கிறார்கள். அப்படி முடிந்தால் என் வாதமே விழுந்துவிடும். இந்த மலைகளில் அதிகம் நடந்தவர்கள் பெண்கள். சும்மா நடக்க மிகக் குறைவாக அனுமதிக்கப்பட்டவர்களும் அவர்களே. கார்மென்ட்ஸ் வேலைக்கு இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் பிள்ளையை அனுப்பும் வீடு, பட்டப்பகலில் அக்காவோடும் மச்சாளோடும் அனுப்ப மறுப்பதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்கமுடியாது. சம்பளம் வராத நடைக்கு நியாயம் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதற்கு வாதம் செய்வதைவிட, எங்கே போகிறோம், யார் யார், எந்த ரயிலில் திரும்புகிறோம் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவது பலன் தரும். தாய்மார் ஒருவரையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. அவருக்கு வழியும் தெரியும், அட்டைக்கு மருந்தும் தெரியும்.

பெண்கள் கூட வர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறுக்குப் பாதைகள் பல இடங்களில் பீலிக்கரையை ஒட்டிப் போகின்றன. ஞாயிறு காலையில் அங்கே பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், துணி அலசுவார்கள். மேட்டில் திடீரென ஏழு ஆண்கள் தோன்றினால், அவர்கள் எந்தச் சாதி எந்த ஊராக இருந்தாலும், அந்தக் காலை கெட்டுவிடும். முன்னே ஒரு பெண் வந்தால் அவள் குரல் கொடுப்பாள். கீழே இருந்தும் பதில் வரும். பாதை வரைபடத்தில் இந்தப் பீலி இருக்காது.

வேலை செய்பவர்களை வேடிக்கை பார்ப்பதாகாதா என்ற மறுப்பு இங்கேதான் வந்து சேர்கிறது. ஆகும், வாரநாளில் மலைக்கு நடுவே நின்று படம் பிடித்தால். ஞாயிற்றிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் நிரையைக் குறுக்கே வெட்டாமல், வழிவிட்டு நின்று, முறை சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவதை வெளிநாட்டாருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கும். நம் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. பிடிக்கப்படுகிற படத்துக்குள் இருக்கிறவர் தன் பெரியம்மா என்று தெரிந்த ஒருவன் பாதையில் நடக்கும்போது, அந்தப் பாதை பார்க்கப்படுகிற விதமே மாறும்.

பெப்ரவரி 23, ஞாயிறு.

கடைசி மறுப்பு மலையுடையது. பெரகலையிலிருந்து கொஸ்லந்த பக்கம் இறங்கினால் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது, போக வேறு இடம் மட்டும் கொடுக்கப்படவில்லை. இப்படிப்பட்ட மலையில் விளையாட்டுக்கு நடப்பதா என்றால், மழைமாதத்தில் கூடாது என்பதே என் பதில். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில், எவ்வளவு ஆசையாக ஏற்பாடு செய்திருந்தாலும் நடையைக் கைவிட வேண்டும். மாசி, பங்குனி நல்ல காலம். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைத் தருவது அந்த வறண்ட காற்றுத்தான். அப்போதும் நடக்கலாம், தொப்பி பறக்கும்.

எப்போதாவது சென்று பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று, அடிக்கடி நடப்பவருக்குத் தெரியும். போன மாதம் நேராக நின்ற மரம் இப்போது சாய்ந்திருக்கிறதா, படிக்கட்டில் புது வெடிப்பு விழுந்திருக்கிறதா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா. லயத்துக்கு மேலே இருக்கும் மலையை யாரும் சும்மா ஏறிப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறவர் நிரையைத்தான் பார்ப்பார். மாதம் ஒருமுறை கூட்டாளிகளாக ஏறி இறங்கும் கண்கள் இருந்தால், கீழே இருக்கும் வீடுகளுக்கு அதுவும் ஒரு காவல்.

அடுத்த ஞாயிறு மார்ச் 2. மாசி அமாவாசை கழிந்து தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றும் நாட்கள் தொடங்கியிருக்கும். பையன்கள் கூத்துப் பழகிவிட்டுத் தூங்கப் பின்னிரவாகும். அதனால் விடியற்காலைப் புறப்பாடு சரிவராது. அப்புத்தளை ஸ்டேஷனில் எட்டு மணி என்று வைத்தால், தம்பேதென்னப் பக்கம் 1890இல் லிப்டன் வாங்கிய அந்த மலைகளுக்கு ஏறுமுன் பனி மூடிவிடலாம், உச்சியிலிருந்து ஒன்றும் தெரியாமல் போகலாம். இருந்தாலும் எட்டு மணியே இருக்கட்டும். ரொட்டி ஏழு பேருக்கு, ஆளுக்கு மூன்று, அத்தோடு வழியில் யாராவது சேர்ந்துகொண்டால் என்று இன்னும் நாலு.