எத்தனை முறை பேருந்து ஏற வேண்டும்?

மார்பகம் அகற்றப்பட்ட பின் சிலிகான் உள்வைப்பால் செய்யப்படும் மறுசீரமைப்பில் யாருக்குச் சிக்கல் நேரும் என முன்கணிக்கும் மாதிரிகளைச் சில காலமாகப் படித்து வருகிறேன். நோய்த்தொற்று, தோல் அழுகுதல், உள்வைப்பைச் சுற்றி உருவாகும் உறை இறுகுதல், இறுதியில் உள்வைப்பையே எடுக்க நேர்தல் ஆகியவற்றின் வாய்ப்பை இவை கணக்கிடுகின்றன. பல மாதிரிகள் அமெரிக்கப் பெண்களின் பதிவுகளிலிருந்து உருவானவை.

திருப்பதிக்கோ சித்தூருக்கோ கொண்டுவந்தால் அவை முதலில் இடறுவது புகைப்பழக்கத்தில்தான். இங்கே புகைக்கும் பெண்கள் மிகச் சிலர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர் உண்டு. இரத்தக் குழாயைச் சுருக்கும் நிகோடின் இரண்டிலும் ஒன்றே. படிவமோ ‘புகைப்பதில்லை’ என்று பதிந்து நகர்ந்துவிடும். பருமனும் அப்படியே: அங்கே எல்லை உடல் நிறை எண் 30, இந்திய மருத்துவர்கள் கொள்வது 25. நோய் முற்றிய நிலையில் வருவோர் இங்கே மிகுதி. ஆதலால் கதிர்வீச்சும் மிகுதி. உறை இறுகுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் அரிது.

சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருவர், நான் சதவீதங்களை விளக்கியதும் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும்மா. புண்ணாப் போனா எத்தனை வாட்டி பஸ்ஸு ஏறணும்?”

2022இல் திருப்பதியில் டாட்டா அறக்கட்டளைகளின் துணையோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆயினும் சித்தூரிலிருந்து அங்கே செல்ல ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நான் படித்த மாதிரிகள் எவற்றிலும் மறுவருகைகளின் எண்ணிக்கை கணிக்கப்படவில்லை. அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்த எண் அதுவே. மறுவருகைகளையும் வீட்டுத் தொலைவையும் சேர்த்துப் பதிந்த தரவு எவரிடமேனும் இருப்பின் எழுதுங்கள்.