தலை நிறைய ரைபோசோம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"செல்லின் புரதத் தொழிற்சாலை எது?" ஒரு மதிப்பெண் கேள்வி. விடை, ரைபோசோம். பணியில் இருந்த 31 வருடமும் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் இருபது வருட உழைப்பு இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்ல நேரம் இருக்காது. இப்போது இருக்கிறது.

2009இல் ரைபோசோம் ஆய்வுக்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை நாம் கொண்டாடினோம். இன்னொருவர் அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸ். மூன்றாமவர் இஸ்ரேலின் அடா யோனத்.

1939இல் ஜெருசலேமில் பிறந்தவர். நாலு அறை வீட்டில் மூன்று குடும்பங்கள். அப்பா சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். அடாவுக்குப் பதினொரு வயதில் அவரும் போய்விட்டார். டெல் அவிவில் நல்ல பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்ட அம்மாவிடம் பணமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அந்தக் கட்டணத்தை ஈடுகட்டிப் படித்தார்.

ரைபோசோம் என்ன செய்கிறது? டி.என்.ஏ.வில் இருக்கும் குறிப்பை ஆர்.என்.ஏ. நகலெடுத்து வருகிறது. ரைபோசோம் அதைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்த்துப் புரதம் ஆக்குகிறது, பூக்காரம்மா பூ தொடுப்பது மாதிரி. அந்த விரல்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அடாவின் ஆசை.

அதற்கு ரைபோசோமைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்த வேண்டும். கற்கண்டு சுலபமாகப் படிகமாகும். ரைபோசோம் மிகப் பெரியது, நெளிவது, சீக்கிரம் சிதைந்துபோவது. பெரிய பெரிய நிபுணர்கள் முயன்று கைவிட்ட வேலை.

சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு ஓய்வில் இருந்தபோது, குளிர்காலம் முழுக்கத் தூங்கும் கரடிகளின் செல்களில் ரைபோசோம்கள் வரிசையாக அடுக்கி நிற்கும் என்று படித்தார். இயற்கையே அடுக்குகிறது என்றால் நம்மாலும் முடியும் என்று கிளம்பிவிட்டார். வெந்நீர் ஊற்றிலும் சாக்கடலிலும் வாழும் கெட்டியான நுண்ணுயிரிகளைத் தேர்ந்தெடுத்தார். 1980இல் முதல் படிகம் வந்தது. எக்ஸ் கதிர் பட்டால் அது கெட்டுப்போனது. கடுங்குளிரில் உறையவைத்துப் படமெடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். முழு அமைப்பு தெரிய 2000, 2001 ஆனது. அதற்குள் கனவு காண்பவர் என்றும், அதைவிட மோசமாகவும் கேலி பேசினார்கள். நோபலுக்குப் பிறகு அவருடைய சுருட்டை முடியை வைத்து, "தலை நிறைய ரைபோசோம்" என்று சொல்வது வழக்கமானது.

இன்றைக்கு டாக்டர் எழுதித்தரும் எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் எல்லாம் கிருமியின் ரைபோசோமைத்தான் முடக்குகின்றன. எந்த இடத்தில் எப்படி முடக்குகின்றன என்பது இந்த ஆய்வுகளால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லோரும் விடாமுயற்சி என்று இங்கே முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெர்லினில் விட்மன் என்ற பேராசிரியர் தன் ஆய்வகத்தையும் பொருட்களையும் அடாவுக்குத் திறந்துவிட்டார். பலன் தெரியாமலே வருடக்கணக்கில் துணை நின்றார். 1990இல் இறந்துபோனார். முழுப் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு மாணவி பிளஸ் டூ வேதியியலில் தோற்றாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என் சக ஆசிரியை ஒருவர் நேரே வீட்டுக்குப் போய், "அண்ணே, ஒரே ஒரு வருஷம் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவந்தார். அவள் இன்று அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். சம்பளம் வாங்குகிறாள், தங்கையைப் படிக்கவைத்தாள்.

விடாமுயற்சி பிள்ளைகளிடம் இருக்கிறது. அதற்கு ஆகும் காலத்தைப் பெரியவர்கள் நாம்தான் கொடுக்க வேண்டும். மறுதேர்வு எழுதும் பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்த ஒரு வருஷத்தைக் கொடுங்கள். மார்க் எவ்வளவு என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.