கரஸ்லதான் படிச்சேன்

முகம் தெரியாத பாட ஆசிரியர்களுக்கு,

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கரஸில், அதாவது அஞ்சல்வழியில், எம்.ஏ. வரலாறு படிப்பவர்களுக்காகப் பாடம் எழுதியவர்கள் நீங்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் உங்கள் பெயர்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். பரீட்சை நெருக்கத்தில் அந்தப் பக்கத்தை யார் படிக்கப்போகிறார்கள்! பட்டம் கைக்கு வந்துவிட்டது. இப்போதாவது எல்லாரும் கேட்கும்படி உங்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். படித்தது பி.எஸ்சி. நர்சிங். வரலாற்றில் முதுகலை சேர்ந்தேன் என்றதும் வார்டில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏட்டி, ராசா ராணி கதை படிச்சு யாருக்கு ஊசி போடப் போற?" சம்பளம் கூடுமா, பதவி உயர்வு வருமா என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிடித்த பாடம், வேலைக்காக விட்டுப்போன பாடம், அவ்வளவுதான் காரணம். எந்தப் பட்டம் வாங்கியவரும் இதில் சேரலாம் என்ற ஒரு விதி இல்லாவிட்டால் அந்த ஆசை ஆசையாகவே போயிருக்கும்.

இரண்டு ஆண்டுப் படிப்பை நான்கு ஆண்டு வரை இழுத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த விதி. ஷிஃப்ட் பார்ப்பவளுக்கு இதன் அருமை தெரியும். ஒரு தாளுக்கு 8 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆக, ஒரு தாளுக்கே 240 மணி நேரம். நைட் டூட்டி முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உலை வைத்த பிறகு அத்தனை நேரத்துக்கு எங்கே போவது? நீங்கள் அதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். பாடத்தைச் சிறு சிறு அலகாக வெட்டி, ஒரே மூச்சில் ஒன்றை முடிக்கும்படி வைத்தீர்கள். நடுநடுவே 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதியுங்கள்' என்று ஒரு கேள்வி. கீழே பதில் எழுத வெற்றுக் கோடுகள். அலகின் கடைசியில் விடைக்குக் குறிப்பு. வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாதவளுக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் எழுதிய பாடம் அது. வகுப்பறை வாத்தியார் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வார். உங்களுக்கு அந்த வசதியும் இல்லை. உரைநடை எழுதுகிறவர்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது வரலாறு எழுதும் முறை பற்றிய தாள். முதல் பார்வைக்கு வறண்ட தாள்தான். மூல ஆவணத்தை எப்படி நம்புவது, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கே காலத்திலிருந்து நடக்கும் வாக்குவாதம். எனக்கு அது கேஸ் ஷீட்டாகத் தெரிந்தது. மூன்று ஷிஃப்ட், மூன்று கையெழுத்து. நோயாளி சொன்னது வேறு, நாம் கண்ணால் கண்டது வேறு, இரண்டையும் கலந்து எழுதாதே என்று நர்சிங் முதல் வருடத்திலேயே மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அதே பாடத்தை வரலாற்றாசிரியர்கள் வேறு வாசல் வழியாக வந்து சொன்னார்கள்.

பிரான்சில் 1929இல் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் தொடங்கிய அன்னால் என்ற வரலாற்று இதழைச் சொல்லாமல் அந்தத் தாள் நகராது. அதைத் தொட்டுத் தேடிப் போனபோது பிளாக் 1924இல் வெளியிட்ட ஒரு நூலைப் பற்றித் தெரிந்தது. பிரெஞ்சு, ஆங்கிலேய மன்னர்கள் கையால் தொட்டால் கண்டமாலை குணமாகும் என்று மக்கள் பல நூற்றாண்டு நம்பியதைப் பற்றியது. கண்டமாலை என்றால் கழுத்து நெறிகட்டும் காசநோய். அப்படி நெறிகட்டி, மந்திரித்த கயிற்றோடு வரும் நோயாளிக்கு மாத்திரை கொடுப்பது என் வேலை. 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் பிளாக் அதை மூடிவைக்கவில்லை. ஏன் நம்பினார்கள், நம்பிக்கை எப்படிப் பரவியது, அரசருக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டார். அந்த நோய் சிலருக்குத் தானாகவே அடங்கும், பிறகு திரும்பவும் வரும் என்பதையும் கணக்கில் எடுத்தார். அதைப் படித்த பிறகு கயிறு கட்டியவர்களிடம் நான் பேசும் விதம் மாறியது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வதில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன், கேட்கிறார்கள்.

கொரோனா காலத்திலும் இந்தப் படிப்பு கைகொடுத்தது. 2020 மார்ச்சில் மாநிலங்கள் கையில் எடுத்த சட்டம் 1897ஆம் வருடத்தது. பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம். வீடு புகுந்து சோதித்ததும் ஆட்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தியதும் அன்று மக்களிடம் எத்தனை கோபத்தைக் கிளப்பியது என்று படித்திருந்ததால், பரிசோதனை என்றதும் கதவைச் சாத்தியவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வரவில்லை. வரலாற்றுப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

உங்களோடு இன்னும் சிலருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுப் படிப்பு மையத்துக்கு வந்து, எதிரே இரண்டே பேர் உட்கார்ந்திருந்தாலும் மணிக்கணக்கில் பேசிய உள்ளூர்க் கல்லூரி ஆசிரியருக்கு. டிசம்பர் தேர்வும் என் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் ஒன்றாக வரும் வாரங்களில் டூட்டி மாற்றிக் கொடுத்தவருக்கு. அவர் வேறு யாருமில்லை, யாருக்கு ஊசி போடப் போகிறாய் என்று கேட்ட அதே அக்காதான்.

எல்லாம் வளைந்து கொடுக்கும் படிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேர்வு நாள் வளையாது. மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விக்கு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 சொல் எழுத வேண்டும். கல்லூரி நூலகமும் சகமாணவரோடு டீக்கடைச் சண்டையும் தபாலில் வராது. அந்தக் குறை குறைதான்.

ஆனால் 'கரஸ்தானே' என்ற இளக்காரத்தை என்னால் ஏற்க முடியாது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரிடம் தனியார் கல்லூரி நேர்முகத்தில் "ரெகுலரா, கரஸா?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் ஃபைலை மூடினார்களாம். இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது 1962இல். ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் வந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டிதான் 1985இல் இந்திரா காந்தி பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தர் ஆனார். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவே அறிவித்துவிட்டது. ஃபைலை மூடுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் படித்த எம்.ஏ. வரலாறு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் மருத்துவமனை ஆயாவின் மகள் தமிழ்வழியில் பி.ஏ. முடித்தவள், என் புத்தகங்களை ஆசையாகப் புரட்டிவிட்டு வைத்துவிட்டாள். அந்த வரலாறு எழுதும் முறைத் தாளை முதலில் தமிழில் கொண்டுவாருங்கள். மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

உங்கள் மாணவி