எஞ்சினுக்கு நல்ல காற்று

பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். அதனால் அதன் கணக்கு நமக்கு மனப்பாடம். காற்று இலவசம் என்பதால் அதன் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அதற்கு 11 கிலோ காற்று. பெங்களூரின் உயரத்தில் அத்தனை காற்றைப் பிடித்து வைக்க 10,000 லிட்டர் தொட்டி வேண்டும். ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் எஞ்சின் இவ்வளவு காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து இழுக்கிறது என்று வண்டி வைத்திருப்பவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பெங்களூரை அடுத்து நான் இருக்கும் ஹெப்பகோடி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத காருக்கு அந்த அளவு பலமும் குறையும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி வழியாக ஊருக்குப் போகிறவர்கள், கிருஷ்ணகிரியை நெருங்கும்போது வண்டி நன்றாக இழுக்கிறது என்பார்கள். 400 மீட்டர் கீழே இறங்கியதில் காற்று அடர்ந்துவிட்டது, அதுதான் காரணம். ஆனால் கோடையில் கிருஷ்ணகிரியின் வெயில் அந்த லாபத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி 3 சதவீதம் குறையும்.

குளிர்ந்த காற்றுக் குழாய் என்று இளைஞர்கள் ஆசைப்படுவதன் அடிப்படை இதுதான். பானெட்டுக்குள் சூடேறிய காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் எஞ்சின் கூடுதலாக மூச்சு விடும். கணக்கு சரிதான். வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 55 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோகிறது.

ஆனால் கடைகளில் விற்கும் பளபளப்பான கூம்பு ஃபில்டரை வாங்கி, கம்பெனி கொடுத்த பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டினால் நடப்பது நேர்மாறு. அந்த ஃபில்டர் ரேடியேட்டர் கக்கும் சூட்டையே குடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறுமல் மட்டும் பெரிதாகக் கேட்கும். உறுமலைப் பலம் என்று நம்பிவிடுகிறோம். அந்தக் காலத்தில் ஆர்எக்ஸ் 100 பைக்கின் ஏர் ஃபில்டரையே கழற்றிவிட்டு ‘பிக்கப் ஏறிருச்சு’ என்று சொன்னவர்களும் அந்தச் சத்தத்தில்தான் மயங்கினார்கள்.

உண்மையில் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனியே வெளிக்காற்றுக் குழாய் கொடுத்துதான் அனுப்புகிறது. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு மேலே ஒரு தட்டையான வாய் இருக்கும். அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது வெடிக்கும், கிளிப் உடையும், வேலை முடிந்த அவசரத்தில் மெக்கானிக்குகள் அதை மாட்டாமலே விட்டுவிடுவார்கள். நான் வாங்கிய பழைய காரில் அந்தக் குழாய் பாதிதான் இருந்தது. பெட்டி எஞ்சின் சூட்டையே இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு மாற்றுக் குழாயை நானே செய்தேன். வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு, ஓர் எல்போ, ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஓரத்துக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப். எல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே கிடைப்பவை; ஒரு சினிமா டிக்கெட்டும் இடைவேளைச் செலவும் ஆகும் தொகைதான். வேலை எளிது, விதிகள்தான் முக்கியம். பிவிசி சுமார் 80 டிகிரியில் இளகத் தொடங்கும். ஆகவே எக்ஸாஸ்ட் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. குழாயின் வாய் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்க வேண்டும். வாயில் கம்பி வலை வேண்டும். குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் சொட்டி இறங்க ஒரு சிறு துளை வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி: நம் கைவேலை முழுவதும் ஃபில்டருக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் குழாயைத் தொடக் கூடாது. அங்கே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் வடிகட்டாத தூசு நேரே சிலிண்டருக்குள் போகும்.

ஹெப்பகோடியில் அந்தத் தூசைச் சாதாரணமாக நினைக்க முடியாது. பக்கத்தில் பொம்மசந்திராவின் தொழிற்பேட்டை லாரிகள். அந்தப் பக்கம் ஜிகணியில் கிரானைட் அறுக்கும் பட்டறைகள். வருடக்கணக்கில் நடந்த மெட்ரோ வேலை.  கல்தூசில் இருக்கும் சிலிக்கா எஃகைத் தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எண்ணெய் எரியும், புகை வரும். அந்தச் செலவுக்கு முன் சில சதவீதப் பலம் ஒரு பொருட்டே அல்ல.

தண்ணீர் இன்னும் கொடியது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் மேலே வரும் பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பெங்களூர் மறக்காது. குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பருக்கு அடியில் இறக்குகிறவர்கள் அந்த மழையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் மாட்டியபின், காரின் கம்ப்யூட்டர் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகிப் பார்த்தேன். வண்டி ஓடும்போது உள்ளே போகும் காற்றின் சூடு வெளிக்காற்றைவிடச் சில டிகிரிதான் அதிகம். சிக்னலில் நின்றால் சூடு மறுபடி ஏறுகிறது. நிற்கும்போது பலம் தேவையில்லை என்பதால் அதில் நஷ்டமில்லை. மைலேஜ் கூடவில்லை, கூடவும் செய்யாது. மெதுவாக ஓட்டும்போது திராட்டில்தான் காற்றைத் தடுத்து அளந்து விடுகிறது. காற்று குளிர்ந்து அடர்ந்தால் திராட்டில் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும், அவ்வளவே. பலன் தெரிவது நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியோடு மேட்டில் முழுதாக மிதிக்கும்போதுதான். காற்று சூடாக இருந்தால் எஞ்சின் தட்டும். அதைத் தடுக்கக் கம்ப்யூட்டர் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பலம் விழும். குளிர்ந்த காற்று அந்த இழப்பைத் தடுக்கிறது.

இப்படிக் கையால் செய்து பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரின் கார் பந்தய வீரர் கரிவர்தன், 1980களின் கடைசியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தயக் காருக்குப் பணமில்லாத பிள்ளைகள் அவற்றில் ஓட்டிப் பழகினார்கள். எஞ்சினின் இயல்பை முழுக்கப் புரிந்துகொண்டவர் என்பதால்தான் கிடைத்ததை வைத்து அவரால் அப்படிச் செய்ய முடிந்தது.

நம் வண்டியையும் முதலில் அப்படிப் புரிந்துகொள்வோம். ஏதாவது வாங்கும் முன் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழாய் உடைந்திருந்தால் சரிசெய்யுங்கள், ஃபில்டர் அழுக்கானால் மாற்றுங்கள், வாரண்டி இருக்கும் காரில் கை வைக்காதீர்கள். குழாய் ஒழுங்காக இருந்தால் பானெட்டை மூடிவிடுங்கள்; உங்கள் எஞ்சினுக்கு வேண்டிய நல்ல காற்று ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது.