ஓய்வுக்குப் பின் எழுதுகோல்

ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றோர்க்குக் காலம் மிகுதி, கேட்போர் குறைவு. மும்பைப் பள்ளியொன்றில் 34 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து விடைபெற்ற நமக்கும் அந்நிலையே வாய்த்தது. கரும்பலகை போனபின் கையில் எஞ்சியது எழுதுகோல் ஒன்றே. காலைப் பூசை கண்டு வீடு திரும்பியதும், நாள்தோறும் இரண்டு பக்கம் தமிழில் எழுதுவதென்னும் நியமத்தை மேற்கொண்டோம். கத்தோலிக்க விசுவாசம், விஞ்ஞானம், இலக்கியம் என மூன்றே பொருள்கள். இம்மூன்றும் ஓரில்லத்தில் ஒற்றுமையாய் வாழுமா என்பது நண்பர் பலரின் ஐயம்.

முதலில் எழுதியது கிரகோர் மெண்டலைப் பற்றி. அவர் இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில் அகுஸ்தீனார் மடத்துத் துறவி. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர். எனினும் பள்ளியில் கற்பித்தவர். 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் சுருக்கம் அறவே மறைந்தது. அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் தோன்றின; ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவில்லை, உள்ளே தங்கியிருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. 1866இல் வெளிவந்த அக்கட்டுரையின் அருமையை உலகம் 1900இல்தான் உணர்ந்தது. அவரோ 1884இலேயே மறைந்துவிட்டார். படிப்பார் இல்லையே என வருந்தும் எழுத்தாளர்க்கு இதனினும் சிறந்த ஆறுதல் வேறில்லை.

இடர் வந்தது கலிலியோவைப் பற்றி எழுதியபோது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொள்கைக்காக 1633இல் உரோமை விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. எஞ்சிய வாழ்நாளை அவர் காவலிலேயே கழித்தார். 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அன்றைய இறையியலாரின் பிழையை வெளிப்படையாக ஏற்றார். இதனை எழுதிய படியைக் கண்ட கோயில் நண்பர் ஒருவர், “ஐயா, நம் வீட்டுக் குறையை நாமே பறைசாற்றலாமா? இப்பகுதியை எடுத்துவிடுங்கள்” என்றார். பழைய மாணவர் ஒருவரோ, “சார், விஞ்ஞானம் கற்பித்த நீங்கள் செபமாலையைப் பற்றியும் எழுதுவது பொருந்துமா?” என்று கடிதம் விடுத்தார். இருவரும் அன்பர்களே.

நாம் எதையும் எடுக்கவில்லை. கலிலியோவின் கதையைப் பிள்ளைகள் எப்படியும் படிப்பார்கள். நாம் அதை மறைத்தோமென அறிந்தால், நாம் கூறும் ஏனைய உண்மைகளையும் ஐயுறுவர். நண்பர் சில மாதம் பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்விழப்பு சிறிதன்று.

மாணவர்க்கு ஜார்ஜ் லெமேத்தரைக் காட்டி விடை எழுதினோம். பெல்ஜிய நாட்டுக் குருவானவராகிய இவர், பிரபஞ்சம் விரிகின்றது என்று 1927இல் கணக்கிட்டுக் காட்டியவர். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இத்தகைய விஞ்ஞானத்தைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துரைத்தபோது, லெமேத்தர் அதனை விரும்பவில்லை. கணக்கு கணக்காக நிற்கட்டும். விசுவாசம் அதன்மேல் சாய்ந்து நிற்க வேண்டுவதில்லை என்பது அவர் நிலை. நம் நிலையும் அதுவே. ஆய்வுக்கூடத்தில் அளவுகோல், ஆலயத்தில் முழந்தாள். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்பதில்லை.

இவ்விரண்டையும் உரைக்கச் சொல் வேண்டுமே! அதனை அளித்தது இலக்கியம். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், முப்பது வயதளவில் தமிழகம் வந்து தமிழ் பயின்றவர். சூசையப்பர் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார். பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட சதுரகராதியை 1732இல் தொகுத்தார். வளர்ந்தபின் தமிழ் கற்ற ஒருவர்க்கு இத்துணை இயலுமெனின், தாராவியிலும் செம்பூரிலும் வீட்டில் தமிழ் பேசி வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு மட்டும் எட்டாதா?

நம் கவலை இங்கேதான். எழுதி நிரப்பிய குறிப்பேடுகள் 17. நம் பேரனுக்கோ தமிழ் பேச வரும், படிக்க வராது. “தாத்தா, நீங்களே படித்துச் சொல்லுங்களேன்” என்பான். நாம் இல்லாத நாளில் யார் படித்துச் சொல்வது? பட்டாணியின் சுருக்கம் ஒரு தலைமுறை மறைந்தும் தானே திரும்பிற்று. எழுத்தறிவு அவ்வாறன்று, ஒரு தலைமுறையில் விட்டால், கற்பித்தாலன்றித் திரும்பாது.

ஆதலின் சென்ற ஆண்டு முதல் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் குறிப்பேட்டை விரிக்கிறோம். அவன் ஐந்து வரி எழுத்துக்கூட்டிப் படிப்பான். அடுத்த ஐந்து வரி நாம் படிப்போம். இப்போது அரைப்பக்கம் தானே படிக்கிறான். மெண்டல் பகுதியைத் தாண்டிக் கலிலியோவுக்கு வந்திருக்கிறான்.

நம் சங்கத்து இல்லங்களில் ரயில்வேயிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து ஓய்ந்த பெரியோர் பலர் உளர். அவரவர் அறிந்ததையும் நம்புவதையும் மறைக்காது தமிழில் எழுதுவாராக. எழுதியதை முதலில் வீட்டுப் பிள்ளையின் வாயால் கேட்பாராக.